நாலு சில்லும் இழுக்குமா?

"பாதர், நாலு சில்லும் இழுக்கும் எண்டுதானே வித்தவர் சொன்னவர்."

முழங்கால் வரை களி அப்பிய கால்களோடு, மழையில் நனைந்தபடி அந்தப் பெரியவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. மார்கழி மாதம். கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல்வெளி ஒன்றின் நடுவில், உர மூட்டைகளை ஏற்றிய பழைய லாண்ட் றோவர் ஒன்று செசி மண்ணில் முட்டும்வரை புதைந்து நின்றது. பின் சில்லுகள் சுழன்று சேற்றை வாரி இறைத்தன. முன் சில்லுகளோ அசையவே இல்லை. நான் சாக்கு ஒன்றை விரித்துக் கீழே படுத்துப் பார்த்தேன். முன் அக்சிலுக்குப் போக வேண்டிய புறொப்பெல்லர் சாப்ற் இருக்கவில்லை. யாரோ எப்போதோ கழற்றி எடுத்துவிட்டார்கள்.

அது ஒன்பது குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய வாகனம். 2008 இல் இடம்பெயர்ந்து, செட்டிக்குளம் முகாமில் இருந்து, பிறகு ஊர் திரும்பியவர்கள். ஊருக்குத் திரும்பினாலும் காணி எல்லோருக்கும் முழுதாகக் கிடைக்கவில்லை. குடியிருப்பது ஓரிடம், வயல் ஓரிடம். இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் பல குடும்பங்களுக்கு இந்த நிலைமை தெரிந்ததுதான். அந்த வாகனத்துக்காக இரண்டு தாய்மார் சங்கிலியை அடகு வைத்திருந்தார்கள். அன்றிரவே பிள்ளைப்பேற்று நோவு கண்ட ஒரு தாயை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, நான்கு பேர் தறப்பாளைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் அப்படி ஒரு இரவுக்காகத்தான் அவர்கள் ஜீப் வாங்கினார்கள் என்பதை எண்ணியபோது எனக்கு மனம் தாங்கவில்லை. வாங்குவதற்கு முன் என்னிடம் வந்து கேட்டார்கள். "நல்லது, வாங்குங்கள்" என்று சொன்னவன் நான். வாகனத்தைப் போய்ப் பார்க்கவில்லை. அந்தக் குற்ற உணர்வும் இக்கட்டுரை எழுத ஒரு காரணம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய வாகனங்களின் விலை எங்கோ போய்விட்டது. 2025 இல் இறக்குமதி மீண்டும் தொடங்கினாலும் வரியைக் கட்டிப் புது ஜீப் வாங்குவது எம்மவருக்கு நினைக்க முடியாத காரியம். ஆகவே பலர் கூட்டாகச் சேர்ந்து திணைக்களங்களும் தோட்டங்களும் கழித்துவிட்ட வாகனங்களைத் தேடுகிறார்கள். தேடுவதில் பிழையில்லை. ஆனால் கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவர் சொன்ன உவமையை இங்கே நினைவிற் கொள்வது நல்லது. கையில் நூறு ரூபா இருந்தால் அறுபது ரூபாவுக்குத்தான் வாகனம் வாங்க வேண்டும். மிகுதி நாற்பதும் திருத்த வேலைக்கு. நூறையும் கொடுத்து வாங்குபவன் வாகனத்தை வாசலில் நிறுத்தி அழகு பார்க்க வேண்டியதுதான்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

லாண்ட் றோவரின் உடம்பு அலுமினியக் கலவை. 1948 இல் அது முதன்முதல் வெளிவந்த காலத்திலிருந்து அப்படித்தான். அலுமினியம் துருப்பிடித்து உதிர்வதில்லை. ஆனால் உடம்பைத் தாங்கும் செசி இரும்பு. வெளியே பளபளக்கும் வாகனத்தின் அடியில் செசி பப்படம் போல இருக்கலாம். சிறிய சுத்தியல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே படுத்து, ஸ்பிறிங் பூட்டிய இடங்களிலும் பின் குறுக்குச் சட்டத்திலும் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு மணி போலக் கணீர் என்று ஒலிக்கும். உக்கிய இரும்பு பொத்தென்று சத்தம் போடும். அடிப்பக்கம் முழுவதும் புதிதாகக் கறுப்பு மை பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள். மை துருவை மறைக்கும், தடுக்காது. கடற்கரைப் பக்கம் ஓடிய வாகனமானால் இன்னும் கவனம் தேவை. யப்பான் பிக்கப்புகளில் செசி மாத்திரமல்ல, உடம்பும் இரும்புதான் என்பதால் கதவடியையும் பின்பெட்டியின் தளத்தையும் பார்க்க வேண்டும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் போகுமுன்பே ஸ்ரார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருந்தால், "நாளைக்கு வாறன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். காலையில் தொடங்கக் கஷ்டப்படுகிறதா, நீலப் புகை வருகிறதா என்பவற்றை அப்போதுதான் அறியலாம். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துப் பாருங்கள். தேநீரில் பால் விட்டது போன்ற நிறமிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வாகனத்தை விட்டுவிடலாம்.

நான்கு சில்லும் இழுக்கிறதா என்று சோதிப்பது எப்படி? சொல்லைக் கேட்டு நம்ப வேண்டாம். எரிபொருள் மிச்சம் என்றும் சத்தம் குறையும் என்றும் முன் சாப்றைக் கழற்றி வைத்திருப்பவர்கள் பலர். விற்கும்போது அதைச் சொல்ல மறந்துபோகிறார்கள். முதலில் கீழே படுத்து இரண்டு சாப்றும் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். பிறகு தரையில் நிற்கும் மூன்று சில்லுகளுக்கும் முன்னும் பின்னும் கல் வைத்து, ஒரு முன் சில்லை ஜக்கில் உயர்த்துங்கள். எஞ்சினை நிறுத்தி, ஒரு கியரில் போட்டு, நான்கு சில்லு ஓட்டத்துக்கு மாற்றுங்கள். முன் சில்லுக் குடத்தில் பூட்டு இருந்தால் இரண்டு பக்கமும் பூட்டுங்கள். இப்போது உயர்த்திய சில்லைக் கையால் சுழற்றிப் பாருங்கள். சற்று ஆடலாம், ஆனால் சுழலக் கூடாது. தாராளமாகச் சுழன்றால், முன்பக்கத்துக்கு இழுவை போகவில்லை. 1983 இல் வந்த 'வன் ரென்' வகையிலும் அதற்குப் பிந்திய டிபென்டரிலும் நான்கு சில்லும் எப்போதும் இழுக்கும். அவற்றில் நடுப் பூட்டைப் போட்டபின் இதே சோதனையைச் செய்யலாம். பத்து நிமிட வேலை இது. எங்கள் ஒன்பது குடும்பத்தில் ஒருவராவது செய்திருந்தால் இரண்டு சங்கிலியும் கழுத்தில் இருந்திருக்கும்.

கல் வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. லாண்ட் றோவரில் கைப் பிறேக் சில்லைப் பிடிப்பதில்லை. கியர்ப்பெட்டிக்குப் பின்னால் பின் சாப்றைத்தான் பிடிக்கிறது. பின் சில்லு ஒன்றை ஜக்கில் தூக்கியதும், தூக்கிய சில்லு ஒரு பக்கம் சுழல, தரையில் நிற்கும் மற்றச் சில்லும் உருளத் தொடங்கும். கைப் பிறேக் போட்டிருக்கிறதே என்று நம்பி கீழே படுத்தவர் மேல் வாகனம் இறங்கலாம். எனவே கல் வைக்காமல் ஜக் போடவே வேண்டாம். ஜக்கில் நிற்கும் வாகனத்தின் கீழே படுக்கவும் வேண்டாம். மரக்குற்றி அடுக்கித் தாங்கு கொடுத்த பின்னரே படுக்க வேண்டும்.

பதிவுப் புத்தகத்தில் உள்ள செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வாகனத்தில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். பெற்றோல் எஞ்சினை எடுத்துவிட்டு யப்பான் டீசல் எஞ்சின் பூட்டிய லாண்ட் றோவர்கள் ஏராளம். அதில் தவறில்லை. ஆனால் அந்த மாற்றம் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதலாவது சோதனைச் சாவடியிலேயே பிரச்சினை. லீசிங் கடன் தீர்ந்ததா என்பதையும் எழுத்தில் பெறுங்கள். கூட்டாக வாங்கும்போது புத்தகம் யாருடைய பெயரில் இருக்கும், விலகுகிறவருக்கு என்ன கொடுப்பது என்பவற்றையும் வாங்குமுன்பே எழுதிக் கையெழுத்து வையுங்கள். வாகனம் பழுதாவதை விட உறவு பழுதாவதைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

முதலில் எதைத் திருத்துவது?

இளைஞர்களிடம் விட்டால் முதலில் பெரிய ரயரும் கூரை மேல் லைற்றும்தான் பூட்டுவார்கள். சில்லு பெரிதானால் ஸ்ரியறிங், பெயறிங், அக்சில் எல்லாவற்றுக்கும் பாரம் கூடுகிறது. எஞ்சினின் இழுவையும் குறைகிறது. வாகனம் செய்தவர்கள் குறித்த அளவே போதும். நான்கு ரயரும் ஒரே அளவாக, ஏறக்குறைய ஒரே தேய்வாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். அளவு வேறுபட்டால் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று இழுபட்டு உள்ளே பற்கள் உடையும். பழைய ரயர் வாங்குகிறவர்கள் அதன் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் அடித்திருக்கும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமை செய்த ரயர். பல்லு நிறைய இருந்தாலும் பத்து வயதைத் தாண்டி, பக்கவாட்டில் வெடிப்பு விழுந்த ரயர் வேண்டாம்.

முதற் செலவு பிறேக்குக்கு. றப்பர்க் குழாய்கள், சில்லு சிலிண்டர்கள், பிறேக் ஒயில் எல்லாவற்றையும் மாற்றி விடுங்கள். நகராத வாகனத்தை இழுத்தெடுக்கலாம், நிற்காத வாகனத்தை ஒன்றும் செய்ய இயலாது. அடுத்தது ஸ்ரியறிங் மூட்டுகள், ஸ்பிறிங் இலைகள், அவற்றை அக்சிலோடு கட்டும் யூ போல்ற்றுகள். ஒரு கிழமை கிரவல் வீதியில் ஓடிய பின் அந்த நட்டுகளைத் திரும்பவும் இறுக்க வேண்டும்.

ஒயில் என்றால் எல்லோரும் எஞ்சினை மாத்திரமே நினைக்கிறார்கள். கியர்ப்பெட்டி, அதன் பின்னால் உள்ள சிறிய பெட்டி, முன் டிபரென்சியல், பின் டிபரென்சியல் என்று இன்னும் நான்கு இடங்கள் உள்ளன. லாண்ட் றோவரில் முன் சில்லு திரும்பும் குண்டுகளுக்குள்ளும் ஒயில் உண்டு. வாங்கிய அன்றே எல்லாவற்றையும் வடித்துப் பாருங்கள். வடிகிற ஒயிலே அந்த வாகனம் எப்படி வாழ்ந்தது என்று சொல்லும். பால் நிறமானால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இரும்புத் துகள் மினுங்கினால் உள்ளே தேய்கிறது.

தண்ணீர் எப்படிப் புகுகிறது? அக்சிலின் மேற்புறத்தில் மூச்சுவிடும் சிறிய துளை ஒன்று உண்டு. ஓடும்போது அக்சில் சூடாகி உள்ளே காற்று விரிகிறது. அப்படியே போய்க் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கினால் காற்றுச் சுருங்கி வெளியிலிருந்து உறிஞ்சும். துளை சேற்றால் அடைபட்டிருந்தால் தண்ணீர் சீல் வழியாக உள்ளே போகும். அந்தத் துளையைச் சுத்தம் செய்து, ஒரு றப்பர்க் குழாயைப் பூட்டி எஞ்சின் அறையின் உயரமான இடத்தில் கட்டிவிடுங்கள். சில நூறு ரூபாச் செலவில் ஒரு டிபரென்சியலைக் காப்பாற்றலாம்.

றேடியேற்றரின் இடுக்குகளில் புல் விதையும் வைக்கோல் தூசும் அடைத்திருக்கும். பின்புறமிருந்து முன்புறமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். பான் பெல்ற் ஒன்றும் மேலதிக குழாய்களும் எப்போதும் வாகனத்தில் இருக்கட்டும். கோடையில் வயல் வழித் தூசி காற்று வடிகட்டியை ஒரு கிழமையில் அடைத்துவிடும். பழைய லாண்ட் றோவர்களில் வடிகட்டியின் அடியில் ஒயில் விடும் கிண்ணம் உள்ளது. அதில் தூசி சேறாகப் படிந்திருப்பதைக் கண்டால், அத்தனையும் எஞ்சினுக்குள் போயிருக்குமே என்று பயம் வரும்.

எம் மிக்கானிக்மாரின் கைவண்ணத்தைக் குறைவாக எண்ண வேண்டாம். 1990 களில் எரிபொருள் தடை இருந்தபோது, ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய காலத்தைச் சிறுவனாய்ப் பார்த்தவன் நான். அந்தப் பரம்பரையில் வந்தவர்கள் இவர்கள். என்றாலும் 'சமாளிக்கலாம்' என்ற சொல்லைப் பிறேக்கிலும் ஸ்ரியறிங்கிலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

இழுத்தெடுப்பதற்கான கொளுக்கியை முன்னும் பின்னும் செசியில் போல்ற் போட்டுப் பூட்டுங்கள். பம்பரில் கயிறு கட்டினால் பம்பர்தான் வரும். கயிறு இறுகும்போது ஒருவரும் அருகில் நிற்கக் கூடாது. அறுந்த கயிறு காலை முறிக்கும், அதன் நுனியில் இரும்பு இருந்தால் உயிரையும் எடுக்கும். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டால் அறுந்தாலும் வீச்சுக் குறையும். இவற்றோடு மண்வெட்டி, அலவாங்கு, காற்றுப் பம்பி, ஜக்கின் கீழே வைக்க அகலமான பலகை, பனங்குற்றி இரண்டு. அவ்வளவும் இருந்தால் போதும். பனை மட்டையும் கிடுகும் எங்கும் கிடைக்கும். அவற்றைச் சில்லுக்கு முன்னால் அடுக்கி ஏறிவரலாம்.

மண்ணும் தண்ணீரும்

சேற்றைக் கண்டபின் அல்ல, சேற்றுக்கு முன்பே நான்கு சில்லுக்கு மாற்ற வேண்டும். பழைய லாண்ட் றோவரில் மஞ்சள் குமிழை அமுக்கினால் நான்கு சில்லு. சிவப்புக் குமிழ்த் தடியைப் பின்னுக்கு இழுத்தால் சிறிய கியர், அதோடு நான்கு சில்லும் தானாகச் சேரும். சிவப்பைத் தொடுமுன் வாகனம் முற்றாக நிற்க வேண்டும். மீண்டும் இரு சில்லுக்கு வர, நிறுத்திச் சிவப்பைப் பின்னுக்கு இழுத்துத் திரும்ப முன்னுக்குத் தள்ளினால் மஞ்சள் மேலே எழும்பும். தார் வீதிக்கு ஏறியதும் இதை மறக்கக் கூடாது. திருப்பங்களில் முன் சில்லும் பின் சில்லும் வெவ்வேறு தூரம் ஓடுகின்றன. மணலில் சறுக்கி ஈடுசெய்யும், தாரில் சறுக்க இடமில்லை, உள்ளே முறுக்கேறி உடையும்.

நான்கு சில்லும் இழுத்தாலும், ஒரு அக்சிலில் ஒரு சில்லு வழுக்கினால் அது மட்டுமே சுழலும், அதன் சோடி நிற்கும். அதனால் வழுக்கத் தொடங்கியதும் அக்சிலேற்றரை மிதிப்பது குழி தோண்டுவதற்குச் சமம். காலை எடுங்கள், வந்த தடத்திலேயே பின்னுக்கு வாருங்கள். முல்லைத்தீவுக் கரையிலும் வடமராட்சி கிழக்கிலும் மணலில் போகிறவர்கள் ரயர்க் காற்றை 18 இறாத்தல் அளவுக்கு இறக்கினால் ரயர் பரந்து மிதக்கும். திரும்பி வீதிக்கு வந்ததும் பழைய அளவுக்கு அடித்துவிட்டே ஓட வேண்டும்.

முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களி வேறு விதம். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மழை விழுந்ததும் ரயர்ப் பற்களுக்குள் அப்பி, ரயரை வழுவழுப்பான உருளையாக்கிவிடும். அதில் எந்த ஜீப்பும் உழவு இயந்திரமும் ஒன்றுதான். என் அபிப்பிராயம், அந்த மண்ணில் நல்ல மழைக்குப் பின் அரை நாள் காத்திருப்பதே சிறந்த ஓட்டம். அவசர நோயாளி என்றால் வேறு கதை.

குளம் வான் பாயும்போது மதகையும் வீதியையும் மூடித் தண்ணீர் ஓடும். நடந்து பார்க்காத தண்ணீருக்குள் வாகனத்தை விடாதீர்கள். கையில் தடியோடு, இடுப்பில் கயிறு கட்டி ஒருவர் முன்னே போகட்டும். முழங்கால் அளவுத் தண்ணீர் வேகமாக ஓடினால் அவர் திரும்பி வரட்டும், வாகனமும் அங்கேயே நிற்கட்டும். தேங்கிய தண்ணீரானால் சிறிய கியரில், மெதுவாக, நடுவில் கியர் மாற்றாமல் போகலாம். எஞ்சின் தண்ணீரைக் குடித்து நின்றுவிட்டால் மீண்டும் ஸ்ரார்ட் பண்ணவே வேண்டாம். தண்ணீர் அமுங்காது, உள்ளே தண்டு வளையும். கரையேறியதும் பிறேக்கை மெல்ல மிதித்தபடி சிறிது தூரம் ஓடி உலர்த்துங்கள்.

எங்கள் நிலத்தில் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. சேற்றுக் குழியைக் கண்டதும் ஓரமாக விலத்திப் போவது ஓட்டுநர்களின் பழக்கம். மிதிவெடி அகற்றும் வேலை வடக்கில் இன்னும் முடியவில்லை. மண்டையோட்டுப் படம் போட்ட பலகையோ நாடாவோ உள்ள பகுதிகளில், குழி எவ்வளவு ஆழமானாலும் ஓடித் தேய்ந்த தடத்தை விட்டு ஒரு சில்லையும் இறக்க வேண்டாம். வெள்ளம் பலகைகளையும் வெடிகளையும் நகர்த்தக் கூடும். சந்தேகமானால் நின்ற இடத்திலேயே நிறுத்தி, இறங்காமல், தொலைபேசியில் கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

அந்த ஒன்பது குடும்பங்களும் வாகனத்தை விற்கவில்லை. விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவும் இல்லை. கழித்துப்போட்ட இன்னொரு லாண்ட் றோவரிலிருந்து முன் சாப்ற் ஒன்றை வாங்கி, வவுனியாவில் அதன் குறொஸ் இரண்டையும் புதிதாக மாற்றி, தை மாதத்தில் பூட்டினோம். ஓட்டுவதற்கு இருவர் மட்டும் என்று கூட்டத்தில் தீர்மானித்தார்கள். ஓட்டமும் டீசலும் கொப்பியில் எழுதப்படுகின்றன. கொப்பியை வைத்திருப்பவர், சங்கிலி அடகு வைத்த தாய்மாரில் ஒருவர். நோயாளிக்கு முதலிடம், கூலி இல்லை. நெல்லுக்கு மூட்டைக் கணக்கில் கூலி. பெரும்போக அறுவடையில் கிடைத்த கூலியில் முதற் சங்கிலி மீட்கப்பட்டது. இரண்டாவது இன்னும் அடகில் இருக்கிறது. பின் டிபரென்சியலில் இருந்து சிறு முனகல் கேட்பதாகப் போன கிழமை சொன்னார்கள். சனிக்கிழமை போய்க் கழற்றிப் பார்க்கப் போகிறோம்.